மூடி வைத்த பாட்டிலும் மூக்கு போன கதையும்

டிஸ்கி: இது யாரையும் குடிக்கச் சொல்லும் பதிவு இல்லை. குடிக்காதவர்களும் தாராளமாகப் படிக்கலாம். இதில் குடிப்பதைவிட முகர்வதுதான் அதிகம். குடும்பஸ்தர்கள் பின்குறிப்பு வரை கட்டாயம் படித்துவிடுங்கள், அதில் ஒரு உருப்படியான விஷயம் இருக்கிறது.

குர்காவ்னுக்கு வந்து பதினைந்து வருஷம் ஆகிறது. ஊருக்கு 2016ல் குருகிராம் என்று பேர் மாற்றிவிட்டார்கள். எங்கள் அபார்ட்மெண்டில் எனக்கும் ஒரு பேர் மாற்றம் நடந்தது. 'கென்டக்கி சாப்'. மெட்ராஸி, சாம்பார் என்றெல்லாம் அழைக்கப்பட்டவனுக்கு இது பதவி உயர்வு மாதிரி.

காரணம் இதுதான். 2007லிருந்து 2009 வரை ஆன்சைட் ப்ராஜெக்ட்டுக்காக அமெரிக்காவில் லூயிவில் என்ற ஊரில் இருந்தேன். கென்டக்கி மாநிலம். நம்மாட்களுக்கு கென்டக்கி என்றால் கோழி வறுவல்தான் ஞாபகம் வரும். ஆனால் அந்த ஊர்க்காரர்களுக்குக் குதிரைப் பந்தயமும் பர்பன் விஸ்கியும்தான் உயிர். மாநிலத்தின் ஜனத்தொகை 45 லட்சம் சொச்சம். கிடங்குகளில் ஊறிக்கொண்டிருக்கும் பீப்பாய்கள் ஒரு கோடிக்கும் மேல். அங்கே மனிதர்கள்தான் மைனாரிட்டி.

வார இறுதியில் வேறு வேலை இல்லாத பேச்சிலர் கும்பல் நாங்கள். (தங்கமணி அப்போது ஊரில், பிரசவத்துக்காக.) ஃபிராங்க்ஃபோர்ட், லொரெட்டோ, பார்ட்ஸ்டவுன் என்று ஒவ்வொரு வடிசாலையாகப் பார்த்துக்கொண்டு வருவோம். வரிசையாக நிற்கும் ஏழெட்டு மாடி மரக் கிடங்குகள். பீப்பாயிலிருந்து வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிப் போவதை 'தேவதைகளின் பங்கு' என்பார்கள். அந்த ஆவியைத் தின்று வளரும் ஒரு பூஞ்சை, சுவரையும் சுற்றியுள்ள மரங்களையும் கரி பூசிய மாதிரி ஆக்கி வைத்திருக்கும்.

முதல் முறை கிடங்குக்குள் நுழைந்தபோது எனக்கு வந்தது விஸ்கி வாசனை இல்லை. எங்கப்பாவின் கொப்பரைக் களம்!

எங்களுக்குக் காங்கேயம் பக்கம். அப்பா கொப்பரை வியாபாரி. காயை உடைத்து, களத்தில் காய வைத்து, எண்ணெய் மில்லுக்கு அனுப்புவது தொழில். அந்த வாசனையில்தான் நான் பிறந்து வளர்ந்தேன். அது எப்படிப் பத்தாயிரம் மைல் தாண்டி ஒரு மரக் கிடங்குக்குள் வந்தது? பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். பர்பன் என்று லேபிளில் போட வேண்டுமென்றால் சட்டப்படி சில நிபந்தனைகள் உண்டு. அமெரிக்காவில் தயாராக வேண்டும். தானியத்தில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம் இருக்க வேண்டும். உள்பக்கம் கருக்கிய புத்தம்புது ஓக் மரக்கலனில்தான் ஊற வேண்டும். நிறமோ மணமோ வெளியிலிருந்து சேர்க்கக் கூடாது. இந்தச் சரக்கு அமெரிக்காவுக்கே உரியது என்று 1964ல் அந்த நாட்டுப் பாராளுமன்றம் தீர்மானமே போட்டிருக்கிறது. ஆக, அந்த நிறம் முழுக்க முழுக்க மரம் கொடுத்தது, வாசத்திலும் பெரும்பங்கு மரத்துடையது. மரத்தைக் கருக்கும்போது அதன் நார்ப்பொருள் உடைந்து வனிலா வாசம் வரும். மரத்துச் சர்க்கரை கருகி கேரமல் வரும். அமெரிக்க ஓக்கில் லேக்டோன் என்று ஒரு சமாச்சாரம் நிறைய இருக்கிறது, அதற்குத் தேங்காய் வாசம். யூஜினால் என்று இன்னொன்று, அதற்கு லவங்க வாசம். நம் அஞ்சறைப்பெட்டி லவங்கத்தில் இருக்கும் அதே யூஜினால்தான்.

இதெல்லாம் தெரிந்த பிறகு சும்மா இருக்க முடியுமா? இந்தியா திரும்பிய பிறகு எந்தப் பார்ட்டியிலும் கிளாஸை மூக்கருகே வைத்துக் கண்ணை மூடி, "ம்ம்... வனிலா... பின்னாடி லேசா கொப்பரை" என்று ஆரம்பித்துவிடுவேன். தில்லிக்காரர்கள் வாயைப் பிளப்பார்கள். ஒரே பந்தா.

சரி, மேட்டருக்கு வருவோம்.

2025 பிப்ரவரியில் பர்பன் மீதான சுங்க வரியை 150 சதவீதத்திலிருந்து 100ஆகக் குறைத்தார்கள். லிஃப்டில் இதுதான் பேச்சு. எதிர் வீட்டு சர்தார்ஜி, "பாட்டிலைப் பார்த்து யார் வேண்டுமானாலும் சொல்லலாம் சாப். மூடி வைத்தால் சொல்வீர்களா?" என்று கேட்டார். "தாராளமா!" என்றேன். லிஃப்ட் பத்தாவது மாடிக்கு வருவதற்குள் தேதி குறித்தாகிவிட்டது. மார்ச் மாதக் கடைசி சனிக்கிழமை, எங்கள் வீட்டில்.

சர்தார்ஜியின் மகள் உணவுத் தொழில்நுட்பம் படிக்கிறாள். அந்தப் பெண் உள்ளே வந்ததும் விளையாட்டு, பரீட்சையாக மாறிவிட்டது. "அங்கிள், பாட்டிலுக்கு நியூஸ்பேப்பர் சுத்தினா மட்டும் போதாது. ஊத்துறவங்களும் கொண்டு வந்து வைக்கிறவங்களும் வேற வேற ஆளா இருக்கணும். கொண்டு வர்றவங்களுக்கும் எது எதுன்னு தெரியக் கூடாது. தெரிஞ்சா முகத்துலயே காட்டிக் குடுத்துடுவாங்க" என்றாள். ஒன்று, இரண்டு என்று நம்பர் போட்டால் முதல் கிளாஸ்மேல் மனசு சாயுமாம். அதனால் 417, 286, 953 என்று தாறுமாறான மூன்று இலக்க எண்கள்.

சமையலறையில் ஊற்றுவது தங்கமணி. எண் ஒட்டுவது அந்தப் பெண். எதுவும் தெரியாமல் தட்டைக் கொண்டு வருவது சர்தார்ஜியின் மனைவி. நடுவர்கள் நான்கு பேர்: சர்தார்ஜி, நாலாவது மாடி பெங்காலி தாதா, ஆபீசில் கூட வேலை பார்க்கும் லக்னோக்காரர், அப்புறம் அடியேன். ஏழு கிளாஸ், ஒவ்வொன்றிலும் 15 மில்லி. துப்புவதற்கு ஒரு டம்ளர், நடுநடுவே கொறிக்க உப்பில்லாத பிஸ்கட், தண்ணீர். ஒருவருக்கொருவர் பேசக்கூடாது. நூற்றுக்கு மார்க் போட்டு, என்ன வாசம் என்று எழுத வேண்டும்.

பாட்டில்கள் ஐந்துதான் என்று எல்லோருக்கும் தெரியும். ஜிம் பீம், மேக்கர்ஸ் மார்க், உட்ஃபோர்ட் ரிசர்வ், அமெரிக்காவிலிருந்து வந்த சர்தார்ஜியின் மருமகன் கொண்டுவந்த வைல்ட் டர்க்கி 101, ஒற்றனாக ஜாக் டேனியல்ஸ். (பலர் அதையும் பர்பன் என்பார்கள். மேப்பிள் மரக்கரியில் வடித்து, டென்னசி விஸ்கி என்றே லேபிள் போடுகிறார்கள்.) ஐந்து பாட்டிலுக்கு ஏழு கிளாஸ் எப்படி என்று கேட்டதற்கு, "அதுதான் பரீட்சை" என்று சொல்லிவிட்டாள்.

மூன்றாவது கிளாஸிலேயே எனக்கு மாட்டியது. நாக்கில் வைத்தவுடன் ஜிவ்வென்று ஏறியது. 'வைல்ட் டர்க்கி 101' என்று எழுதினேன். மற்ற கிளாஸ்களில் கொஞ்சம் தடுமாற்றம். ஆனாலும் பேனா நிற்கவில்லை. கேரமல், வனிலா, ஆரஞ்சுத் தோல், பழைய தோல் பெட்டி என்று வரிசையாக எழுதித் தள்ளினேன். பக்கத்தில் தாதா வெறும் "நல்லா இருக்கு", "சுமார்" என்று எழுதிக்கொண்டிருந்தார். பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

ரிசல்ட் நேரம். அந்தப் பெண் தாளை எடுத்துப் படித்தாள். வைல்ட் டர்க்கியைச் சரியாகச் சொன்னது நான் ஒருவன் மட்டும். கைதட்டல். 'கென்டக்கி சாப்' தலையை லேசாகச் சாய்த்து ஏற்றுக்கொண்டார்.

அதற்கப்புறம் வரிசையாக பல்புதான். ஜாக் டேனியல்ஸை மேக்கர்ஸ் மார்க் என்றிருந்தேன். உட்ஃபோர்டை ஜிம் பீம் என்றிருந்தேன். 286ம் 638ம் ஒரே பாட்டிலாம், இரண்டுமே மேக்கர்ஸ் மார்க். ஒன்றுக்கு 88, இன்னொன்றுக்கு 61 போட்டிருந்தேன். சிரிப்பு அள்ளியது. நானும் சிரித்தேன். இது எனக்கு மட்டும் நடப்பதில்லை என்று விளக்கமும் கொடுத்தேன். கலிஃபோர்னியா கண்காட்சி ஒன்றில் தொழில்முறை வைன் நடுவர்களுக்கு அவர்களுக்குத் தெரியாமல் ஒரே பாட்டிலை மூன்று முறை கொடுத்துப் பார்த்தார் ராபர்ட் ஹாட்ஜ்சன் என்பவர். மூன்று முறையும் ஏறக்குறைய ஒரே மாதிரி மார்க் போட்டவர்கள் பத்தில் ஒருவர்தான். 2008ல் வந்த ஆய்வு. 1976ல் பாரிஸில் ஸ்டீவன் ஸ்பரியர் லேபிளை மறைத்து வைத்த போட்டியில் பிரெஞ்சு நடுவர்களே கலிஃபோர்னியா வைனுக்கு முதலிடம் கொடுத்துவிட்டு அசடு வழிந்தார்கள். பெரிய பெரிய ஆட்களே அப்படி என்றால் நான் எந்த மூலைக்கு? சமாளிப்பில் நம்மை யார் மிஞ்ச முடியும்!

"சரி அங்கிள், கடைசி கிளாஸ். 529" என்றாள் அந்தப் பெண். குரலில் ஒரு தயக்கம்.

சர்தார்ஜி எழுதியிருந்தது: 'லவங்கம். பிரியாணி மாதிரி.' தாதா: 'லவங்கம்!!! யார் போட்டது?' லக்னோக்காரர்: 'லவங்கம். என் பாட்டி பல்வலிக்குக் கொடுப்பார்.'

நான்: 'ஆரஞ்சுத் தோல், மெல்லிய பழைய தோல் பெட்டி. உட்ஃபோர்டாக இருக்கலாம். 91.'

ஏழு கிளாஸிலும் நான் போட்ட அதிகபட்ச மார்க் அதுதான். ஜிம் பீமில் காலையிலிருந்து இரண்டு லவங்கத்தை ஊறப்போட்டு, வடிகட்டி ஊற்றியிருக்கிறாள் தங்கமணி.

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கிளாஸை எடுத்து மறுபடி முகர்ந்தேன். ஒன்றுமில்லை. இன்னும் ஆழமாக இழுத்தேன். மூக்கு எரிந்தது, கண்ணில் தண்ணீர் வந்தது. லவங்கம் வரவில்லை. வனிலாவும் வரவில்லை. எதுவுமே வரவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். சமையலறை வாசலில் தங்கமணி நின்றுகொண்டிருந்தாள். அவள் சிரிக்கவில்லை.

*

2021 ஏப்ரல், மே மாதங்கள் தில்லியிலும் குர்காவ்னிலும் எப்படி இருந்தன என்று இங்கே இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆக்சிஜனுக்கு ஜனங்கள் தெருத்தெருவாக அலைந்த நேரம். எங்கள் வீட்டில் எனக்கு வந்தது. நல்லவேளை, ஆஸ்பத்திரி வரை போகவில்லை. மூக்கு மட்டும் போனது. உயிர் தப்பியதே பெரிசு, மூக்கு என்ன மூக்கு என்று இருந்துவிட்டோம்.

இரண்டு மாதம் கழித்து ஏதோ திரும்பி வந்தது, ஆனால் கோணலாக. ஃபில்டர் காபி ரப்பர் டயரை எரித்த மாதிரி நாறியது. கும்பகோணம் டிகிரி காபியை மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்த ஒரே தமிழன் நானாகத்தான் இருப்பேன். ஆறேழு மாதத்தில் அந்த நாற்றமும் போய்விட்டது. அப்பாடா, சரியாகிவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னேன். நாற்றம் போனது சரி, வாசனை வந்ததா என்று நான் கேட்டுக்கொள்ளவே இல்லை.

எப்படி நாலு வருஷம் தெரியாமல் இருக்கும் என்று கேட்பீர்கள். நானும் அன்று ராத்திரி முழுக்க இதைத்தான் யோசித்தேன். பொய் சொன்னேனா என்றால், சத்தியமாக இல்லை. மேக்கர்ஸ் மார்க் பாட்டிலின் சிவப்பு மெழுகைப் பார்த்தவுடனே எனக்கு வனிலா வாசம் நிஜமாகவே வந்தது. லொரெட்டோ வடிசாலையில் முகர்ந்த ஞாபகம் மூக்குக்கு முன்னால் ஓடி வந்து நின்றுகொண்டது. பிரான்சில் வைன் படிக்கும் 54 மாணவர்களுக்கு வெள்ளை வைனில் வாசனையில்லாத சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்களாம். பெரும்பாலும் சிவப்பு வைனுக்குச் சொல்லும் வர்ணனைகளாகவே எழுதினார்கள். 2001ல் வெளிவந்த ஆய்வு. அவர்களுக்காவது மூக்கு இருந்தது.

நாக்குக்குத் தெரிவது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, அப்புறம் உமாமி. ருசி என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு தொண்டை வழியாக மூக்குக்கு ஏறும் வாசனைதான். சாராயத்தின் காரம் வேறு கேஸ். அதை உணர்வது முகத்து நரம்பு. மிளகாய் எரிவதையும் புதினா குளிர்வதையும் சொல்லும் அதே நரம்பு. மூக்கே செத்துப்போனாலும் அது வேலை செய்யும். நான் வைல்ட் டர்க்கியைக் கண்டுபிடித்த ரகசியம் இப்போது புரிகிறதா? மற்றதெல்லாம் 40லிருந்து 45 சதவீத ஆல்கஹால், அது மட்டும் 50.5. எரிச்சலை வைத்துச் சொல்லிவிட்டு கைதட்டல் வாங்கியிருக்கிறேன்.

எல்லோரும் போன பிறகு பாத்திரம் கழுவிக்கொண்டே தங்கமணி கேட்டாள். "ஏங்க, நிஜமாவே தெரியலையா?"

"தெரியலை."

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "ரெண்டு வருஷமா எனக்குச் சந்தேகம்தாங்க" என்றாள்.

2023ல் ஒரு நாள். நான் சமையலறையை ஒட்டிய டைனிங் டேபிளில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தேன். பெண் உள்ளே படித்துக்கொண்டிருந்தாள். கடைக்குப் போய்விட்டு வந்த தங்கமணி கதவைத் திறந்ததும் கத்தினாள். பால் பொங்கி அடுப்பு அணைந்து, கேஸ் கசிந்துகொண்டிருந்தது. வெளியே லிஃப்ட் வரைக்கும் நாற்றம். நான் ஆறடி தூரத்தில் உட்கார்ந்திருக்கிறேன். ஆபீஸ் கால், கவனிக்கவில்லை என்றேன். அவளும் திட்டிவிட்டு விட்டுவிட்டாள். நானும் அப்படித்தான் நம்பினேன். சமையல் கேஸுக்கு என்று தனியாக வாசனை கிடையாது. கசிந்தால் தெரிய வேண்டும் என்பதற்காகவே எத்தில் மெர்கேப்டன் என்ற நாற்றத்தைக் கலக்கிறார்கள். என்னைப் போன்ற ஆளுக்கு அது கலந்தும் பிரயோஜனமில்லை.

"நான்தான் முதல்ல கண்டுபிடிப்பேன்னு நினைச்சுத்தானே லவங்கம் போட்டே?" என்று கேட்டேன்.

"நினைக்கலீங்க. வேண்டிக்கிட்டேன்."

*

அடுத்த சனிக்கிழமை, சர்தார்ஜி மகளின் யோசனைப்படி, நான் மட்டும் மறுபடி பரீட்சை எழுதினேன். முக்கோணச் சோதனை என்று பெயர். மூன்று கிளாஸ் வரும். இரண்டில் ஒரே சரக்கு, ஒன்றில் வேறு. வேறானது எது என்று மட்டும் சொன்னால் போதும், வர்ணனை வேண்டாம். மேக்கர்ஸ் மார்க்கும் வைல்ட் டர்க்கியும்தான். முன்னதில் ரை தானியத்துக்குப் பதில் கோதுமை, அதனால் சாது. பின்னது ரை போட்ட முரடு. வாசனை தெரிந்தவர்களுக்கு வித்தியாசம் தெரியும். ஆனால் எரிச்சலை வைத்து நான் தப்பிக்கக் கூடாது அல்லவா? 90 மில்லி வைல்ட் டர்க்கிக்கு 11 மில்லி தண்ணீர் ஊற்றி இரண்டையும் 45 சதவீதத்துக்குக் கொண்டு வந்துவிட்டாள் அந்தப் பெண். இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் ஒன்றும் நடக்காது.

ஆறு சுற்று. எல்லாவற்றையும் துப்பிவிட்டேன். குருட்டாம்போக்கில் சொன்னாலே ஆறில் இரண்டு சரியாக வரும். நிஜமாகவே வித்தியாசம் தெரிகிறது என்று சொல்ல ஐந்தாவது வேண்டும். நான் வாங்கியது இரண்டு. சர்தார்ஜி சும்மா ஜாலிக்கு உட்கார்ந்தார், அவருக்கு ஐந்து.

காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனோம். இந்த வைரஸ் வாசனை நரம்பைவிட அதைத் தாங்கி நிற்கும் செல்களைத்தான் அதிகம் தாக்குகிறது என்றார். நாலு வருஷம் ஆகிவிட்டதால் உத்தரவாதம் எதுவும் இல்லை, ஆனால் முயற்சி செய்யலாம் என்றார். மருந்து? ரோஜா, எலுமிச்சை, யூகலிப்டஸ், லவங்கம். தினம் இரண்டு வேளை, நாலையும் ஒவ்வொன்றாக, அதையே நினைத்துக்கொண்டு முகர வேண்டும். ஜெர்மனியில் தாமஸ் ஹம்மல் குழுவினர் 2009ல் வெளியிட்ட முறை. அந்த நாலில் ஒன்று லவங்கம் என்று கேட்டதும் தங்கமணியும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

ஏப்ரலில் ஆரம்பித்தோம். ஒரே மாதிரி நாலு சின்ன பாட்டில். அடியில் மட்டும் நம்பர். தங்கமணி கலைத்து வைப்பாள். முகர்ந்து பெயர் சொல்லிவிட்டுத்தான் திருப்பிப் பார்க்க வேண்டும். லேபிளைப் பார்த்தால் என் மண்டை உடனே வாசனையைத் தயாரித்துவிடும் என்று தெரிந்துபோயிற்றே. நீலகிரித் தைலம் குளிர்ச்சியை வைத்தே தெரிந்துவிடும், அதனால் அது கணக்கில் கிடையாது. மீதி மூன்று பாட்டில், ஒரு நாளைக்கு இரண்டு வேளை, வாரத்துக்கு 42 தடவை. சும்மா அடித்து விட்டாலே 14 சரியாக வரும். முதல் வாரம் நான் வாங்கியது 15. பெண்ணின் பழைய கணக்கு நோட்டில் தங்கமணி எழுதி வைத்திருக்கிறாள். நாலாவது வாரம் 13. எட்டாவது வாரம் 16. விட்டுவிடலாம் என்று தோன்றிய நேரம் அது.

பதினொன்றாவது வாரம் ஒரு காலை, மூடியைத் திறந்ததும் எலுமிச்சை. ஞாபகம் இல்லை, நிஜம். ஒரு நொடிதான் இருந்தது. திருப்பிப் பார்த்தேன், நம்பர் சரி. சமையலறைக்கு ஓடிப் போய்ச் சொன்னேன். "நோட்டுல எழுதுங்க" என்று மட்டும் சொன்னாள். திரும்பி நின்றுகொண்டிருந்ததால் முகம் தெரியவில்லை. இருபதாவது வாரம் 27 வந்தது. லவங்கம் சில நாள் வரும், சில நாள் வராது. ரோஜா இன்னும் வரவே இல்லை.

*

2025 தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தேன். அப்பாவுக்கு எண்பது நெருங்குகிறது. களத்தை அண்ணன் பார்த்துக்கொள்கிறார். அப்பா இன்னும் சாயங்காலமானால் கட்டிலைப் போட்டு அங்கேதான் உட்கார்ந்திருப்பார். சின்ன வயசில் பார்த்திருக்கிறேன், சரக்கு கொண்டு வருகிறவர்கள் வாயைத் திறப்பதற்குள் அப்பா கையைக் காட்டி நிறுத்திவிடுவார். "யார் தோட்டத்துச் சரக்குன்னு அப்புறமாச் சொல்லுங்க. மொதல்ல நான் பார்த்துக்கறேன்." மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பருப்பை எடுத்து, ஒடித்து, முகர்ந்து, அதற்கப்புறம்தான் விலை. ஈரம் ஆறேழு சதவீதத்துக்கு மேல் நின்றால் பூசணம் பிடிக்கும். சிலர் கந்தகப் புகை போட்டு வெள்ளை வெளேர் என்று ஆக்கிக்கொண்டு வருவார்கள். கண்ணுக்கு அதுதான் முதல் தரமாகத் தெரியும். லூயிவில்லில் நான் கற்றுக்கொண்டு வந்ததாக நினைத்ததை எங்கப்பா மூட்டை மூட்டையாகச் செய்துகொண்டிருந்திருக்கிறார்.

அன்றைக்குத்தான் அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். விஸ்கி சமாச்சாரத்தைக் கொஞ்சம் சுருக்கிக்கொண்டு. ஒன்றும் சொல்லாமல் கேட்டார். அப்புறம் எழுந்து போய் நாலைந்து பருப்பை எடுத்து வந்தார்.

"கண்ணை மூடிக்க கண்ணு."

ஒவ்வொன்றாக மூக்கருகே வைத்தார். முதல் இரண்டும் எனக்கு ஒரே மாதிரிதான் இருந்தன. மூன்றாவதில் என்னவோ ஈரச் சாக்கு மாதிரி லேசாக வந்தது. "இதுல பூசணம் இருக்குங்கப்பா" என்றேன். "ம்" என்றார். நாலாவது. கொஞ்சம் யோசித்து, "இது நல்ல சரக்கு" என்றேன்.

கண்ணைத் திறந்தேன். அப்பா கையில் பளீரென்று வெள்ளையாக ஒரு பருப்பு.

"கந்தகம் தெரியலையா?"

"தெரியலைங்கப்பா."

"செரி" என்றார். பருப்பைத் தூரமாக வீசினார். "தெரியலைன்னு சொன்னாப் போதும் கண்ணு. தெரிஞ்ச மாதிரி தலையாட்டுனாத்தான் யாவாரம் போயிரும்."

அந்த வைல்ட் டர்க்கி பாட்டில் இன்னும் பாதி மிச்சம் இருக்கிறது. நியூஸ்பேப்பரைப் பிரிக்காமலே அலமாரியில் வைத்திருக்கிறேன். நோட்டில் இப்போது முப்பதாவது வாரம்.

பின்குறிப்பு: (1) கேஸ் கசிந்தால் கத்தும் கருவி ஒன்றை வாங்கி அடுப்பங்கரையில், சிலிண்டர் கேஸ் கீழேதான் தங்கும் என்பதால் தரைக்குப் பக்கத்தில், மாட்டியிருக்கிறோம். வீட்டில் கொரோனா வந்து போனவர்களோ வயசானவர்களோ இருந்தால் நீங்களும் மாட்டுங்கள். (2) அவர்களைக் கண்ணை மூடச் சொல்லி லவங்கம், காபித்தூள், எலுமிச்சை என்று ஒவ்வொன்றாக முகரக் கொடுத்துப் பாருங்கள். "வாசனை தெரியுதா?" என்று கேட்காதீர்கள். தெரியுது என்றுதான் சொல்வார்கள். "இது என்ன?" என்று கேளுங்கள்.